பூஜ்யத்தைவிடப் பெரிய ஏதோ ஓர் எண்

மீனலோசனி எழுதிய சான்றில் ஒரு வரி உண்டு. சான்றாணையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவார்கள். "இழப்பு விகிதம் பூஜ்யத்தைவிடப் பெரிய ஏதோ ஓர் எண்ணாக இருக்கும்வரை, அமைப்பு எந்தச் சிக்கலில் மாட்டினாலும் ஒருநாள் அதிலிருந்து மீண்டுவிடும். இது நிச்சயம்."

கணக்குத் தெரிந்தவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுச் சப்புக்கொட்டினார்கள். ஆயிரத்தில் ஒன்று என்றால்தான் செல்லும், நூற்றில் ஒன்று என்றால்தான் செல்லும் என்றெல்லாம் நிபந்தனை போடாமல், எந்த எண்ணுக்கும் பொருந்தும்படி நிரூபித்திருந்தாள். அவளிடம் கேட்டது ஒரு கைப்பிடி, அவள் கொடுத்தது ஒரு மூட்டை. கணக்குக்காரர்களுக்கு இப்படி ஒரு பலவீனம் உண்டு. தேவைக்கு மேல் நிரூபித்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடுகூட வேண்டியதில்லை.

அந்த நாட்களில் சான்று இல்லாமல் எதுவும் ஓடக்கூடாது என்று சட்டம் இருந்தது. லிஃப்ட், ரயில் சிக்னல், அணை மதகு, பென்ஷன் பட்டுவாடா, எதுவாக இருந்தாலும் சரி. "ஓட்டிப் பார்த்தோம் சார், நன்றாகத்தான் ஓடுது" என்ற பேச்செல்லாம் செல்லாது. நூறு தடவை ஓட்டிப் பார்த்தால் அந்த நூறு தடவைக்குத்தான் பொறுப்பு, அதற்கடுத்த தடவைக்கு யார் பொறுப்பு என்று சட்டம் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். அதனால் ஒவ்வொரு அமைப்பையும் கணிதத்தில் நிரூபித்து, கீழே ஒருவர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துகளைப் போடுகிற இடம்தான் திருச்சியில் இருந்த சான்றாணையம். மீனலோசனி அங்கே முதுநிலைச் சரிபார்ப்பாளர்.

அந்த வரி கொடைவலைக்காக எழுதப்பட்டது. இறந்தவர்கள் தானமாகக் கொடுக்கும் ஈரல்களைக் காத்திருப்பவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வலை அது. கொடைவலை வருவதற்கு முன்பு, செல்வாக்குள்ளவர்களின் மைத்துனர்களுக்கு மட்டும் ஈரல் ஒரு வாரத்தில் கிடைத்தது. மற்றவர்களுடைய மைத்துனர்கள் செத்துப்போனார்கள். கொடைவலை வந்தபிறகு எந்த மைத்துனராக இருந்தாலும் வரிசைதான். ஒருவரும் குறுக்கே புக முடியாது என்று மீனலோசனி நிரூபித்திருந்தாள்.

அவளுடைய தம்பி குகனும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

குகன் திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு பாட்மிண்டன் பயிற்சி கொடுத்துவந்தான். முப்பத்தொரு வயது. குடி இல்லை, சிகரெட் இல்லை. உடம்பே தன் ஈரலைத் தானே தின்னும் ஒரு வியாதி வந்து, கண் மஞ்சளாகிவிட்டது. மட்டையைத் தூக்கினால் கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனலோசனி பஸ் பிடித்துப் போய் அவனுக்கு உப்பில்லாத சமையல் செய்துவைத்துவிட்டு வருவாள். அம்மா அப்பா இல்லை. இருவருக்கும் ஒருவரை விட்டால் இன்னொருவர்தான்.

"உன் மெஷின் எனக்கு எப்பக்கா ஈரல் குடுக்கும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான்.

"முறை வரும்போது குடுக்கும்."

"ஆஸ்பத்திரிங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பற சேதியை அது என்னமோ தொலைக்குதாமே. பேப்பர்ல போட்டிருந்தான். நிஜமா?"

"நிஜம்தான்." மீனலோசனி சுரைக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நாலு ரோட்டு முக்குல நாலு பக்கமும் வண்டி வந்து முட்டி நிக்குதுன்னு வெச்சுக்க. ஒவ்வொருத்தனும் எதிர்ல இருக்கறவன் நகரட்டும்னு நிக்கறான். என்ன ஆகும்?"

"நம்ம ஊர்ல தினமும் ஆகறதுதானே. ஹாரன் அடிப்பானுங்க."

"ஹாரன் அடிச்சா நகருமா?"

"எவனாவது ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்கணும்."

"எவன் எடுப்பான்?"

குகன் யோசித்தான். "ஏமாந்தவன்."

"அதேதான். ஆஸ்பத்திரிங்களும் அப்படித்தான் மாட்டிக்குது. மதுரை ஆஸ்பத்திரி தன் நோயாளிக்கு ஒரு இடத்தை ஒதுக்கி வெச்சுட்டு கோயம்புத்தூர் பதிலுக்குக் காத்திருக்கும். கோயம்புத்தூர் சேலத்துக்கு. சேலம் வேலூருக்கு. வேலூர் திரும்ப மதுரைக்கு. ஒரு வளையம். ஒருத்தர் மேலயும் தப்பு கிடையாது. ஆனா வளையத்துல இருக்கற ஒருத்தருக்கும் ஈரல் வராது, வந்த ஈரலும் வெளியூருக்குப் போயிடும்."

"ரூல் போட்டுட வேண்டியதுதானே. சின்ன வண்டிக்காரன் ரிவர்ஸ் எடுக்கணும்னு."

"அப்புறம் சின்ன வண்டிக்காரன் ஆயுசு பூரா ரிவர்ஸ்லயே போவான். தவிர, அப்படி ரூல் போட்டா என்னால நிரூபிக்க முடியாதுடா. வலையில எத்தனை சேதி காத்துக்கிட்டு இருக்கும்னு வரம்பே கிடையாது. பத்து இருக்கலாம், பத்து லட்சமும் இருக்கலாம். அது இருக்கக்கூடிய நிலைகளுக்கு முடிவே இல்லை. ஒண்ணொண்ணாப் பாத்து முடிக்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுசு பத்தாது. ஒரு சேதிகூடத் தொலையாத வலைன்னா, அது சிக்குமா சிக்காதான்னு கண்டுபிடிக்கப் பொதுவா ஒரு வழியே கிடையாது. கிடையாதுன்னே நிரூபிச்சு வெச்சிருக்காங்க."

"தொலைஞ்சா?"

"தொலைஞ்சா வழி இருக்கு. அதுதான் வேடிக்கை." மீனலோசனிக்கு இந்த இடம் வந்தால் முகம் மலர்ந்துவிடும். "எப்பவாவது ஒரு சேதியை நாங்களே பகடை உருட்டித் தொலைச்சிடறோம். ஆயிரத்துல ஒண்ணு. யாரோட சேதின்னு பகடைக்குத் தெரியாது. அந்த ஆளோட ஒதுக்கீடு போயிடும், வளையம் அவிழும், மத்தவங்க நகருவாங்க. வளையத்துல மாட்டின ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் சேதியைத் திருப்பி அனுப்பும். அஞ்சு பேர் வளையம்னா சராசரியா மூணு மூணரை மணி நேரத்துல அவிழ்ந்துடும்."

"தொலைஞ்சவன் என்ன ஆவான்?"

"வரிசையில கடைசிக்குப் போவான்."

குகன் ஒரு சுரைக்காய்த் துண்டை எடுத்துப் பாத்திரத்தில் போட்டான். "அப்ப ஏமாந்தவன் இல்லை. அகப்பட்டவன்" என்றான்.

கடைசிக்குப் போனவர்களில் பலர் பிழைத்துக்கொண்டார்கள். சிலர் பிழைக்கவில்லை. பிழைக்காதவர்களில் ஒருவர் பாளையங்கோட்டை ஆவுடையப்பன். அவர் மனைவி செண்பகவடிவு தபால் ஆபீஸில் எழுத்தர். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவரிடம் போய், சேதி தொலைந்துவிட்டது என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அவர் மனுப் போட்டார், மனுவை விடாமல் பின்தொடர்ந்தார், பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். கடைசியில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர்.

விசாரணை திருச்சியிலேயே நடந்தது. செண்பகவடிவு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல மீனலோசனி எழுந்ததும் அவரே கேட்க அனுமதி கேட்டார். நீதிபதி கொடுத்தார்.

"நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான்மா. எங்க வீட்டுக்காரர் மூணாவது எடத்துல இருந்தாரு. மறுநா காலைல பாத்தா நானூறுக்கு அங்கிட்டுக் கெடக்காரு. சேதி தொலைஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லுதாங்க. அது தானாத் தொலைஞ்சுதா, நீங்க தொலைச்சீங்களா?"

சான்றாணையத்தின் இயக்குநர் தணிகாசலம் மீனலோசனியை ஓரக்கண்ணால் பார்த்தார். தொழில்நுட்பக் காரணங்களால் என்று தொடங்கும் பதில் ஒன்றை அவர் தயார் செய்து கொடுத்திருந்தார்.

"நாங்கதான் தொலைச்சோம்" என்றாள் மீனலோசனி.

அறையில் சலசலப்பு எழுந்தது. செண்பகவடிவு மட்டும் அசையவில்லை. "வேணும்னே?"

"வேணும்னேதான். ஆனா உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சு இல்லை. யாருன்னு தெரியாம இருக்கணும்னுதான் அப்படி ஒரு ஏற்பாடு."

"தெரிஞ்சு செஞ்சா கோவப்படுறதுக்காவது ஒரு ஆள் இருக்கும்" என்று சொல்லிவிட்டு செண்பகவடிவு உட்கார்ந்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை. அடுத்த நாள் எல்லாத் தொலைக்காட்சியிலும் அவர் சொன்ன அந்த வரிதான் ஓடியது.

அதற்குப்பிறகு நடந்தது ஒரு பேரம். குழு உறுப்பினர்களில் ஒருவர் இழப்பை அடியோடு நிறுத்தவேண்டும் என்றார். பூஜ்யமாக்கினால் சான்று போய்விடும், சான்று போனால் சட்டப்படி கொடைவலையை அன்றைக்கே மூடவேண்டும், பழையபடி மைத்துனர்கள் வருவார்கள் என்று தணிகாசலம் விளக்கினார். பிறகு, தனக்கு ஒரு யோசனை தோன்றியது போல முகத்தை வைத்துக்கொண்டு அந்த அழகான வரியை எடுத்து வாசித்தார்.

"பூஜ்யத்தைவிடப் பெரிய ஏதோ ஓர் எண். ஆயிரத்தில் ஒன்று என்று கட்டாயமில்லை. அதுதானே அம்மா இதுக்கு அர்த்தம்?"

"ஆமா சார்" என்றாள் மீனலோசனி.

"லட்சத்தில் ஒன்றுன்னு வெச்சா சான்று நிக்குமா?"

"நிக்கும்."

"கோடியில்?"

"நிக்கும் சார். ஆனா..."

"கோடி கோடியில் ஒன்று?" என்று ஓர் உறுப்பினர் உற்சாகமாகக் கேட்டார். ஏலம் எடுக்கிறவருக்கு வருகிற உற்சாகம் அது.

"சான்று நிக்கும்" என்று மீனலோசனி மறுபடியும் சொன்னாள். "வளையம் அவிழாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஒருநாள் மீண்டுவிடும், இது நிச்சயம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப அவிழாதுங்கறீங்க. எது சரி?"

"ரெண்டும் சரி சார். நிச்சயம் அவிழும். எப்ப அவிழும்னு அந்த வரி சொல்லலை. கோடி கோடியில் ஒன்றுன்னு வெச்சா, அஞ்சு பேர் வளையம் அவிழ சராசரியா நாலு கோடி வருஷம் ஆகும்."

யாரோ சிரித்தார்கள். நாலு கோடி வருஷம் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஓர் எண்ணாகவே படவில்லை. கணக்கு டீச்சர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தார்கள்.

"இப்ப தொலையறவங்க கண்ணுக்குத் தெரியறாங்க சார்" என்று அவள் தொடர்ந்தாள். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவங்களுக்கு ஒரு பேர் இருக்கு, வீட்டுல மனு எழுத ஆள் இருக்கு. வளையத்துல மாட்டிச் சாகறவங்க அப்படி இல்லை. அவங்களோட இடம் உறுதின்னுதான் கடைசிவரைக்கும் காட்டும். வியாதியில செத்ததா எழுதிட்டுப் போயிடுவாங்க. அந்தச் சாவுக்கு மனுப் போடக்கூடத் தோணாது."

அவள் சொன்னது எங்கோ போய்ப் படத்தான் செய்தது. நீதிபதி பேனாவைக் கையில் எடுத்தார். அப்போது குழுச் செயலாளர், ஒவ்வொரு சாட்சியிடமும் கேட்டாகவேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டார். கொடைவலை விசாரணைகளில் அது ஒரு வழக்கம். "உங்கள் உறவினர் யாராவது வரிசையில் இருக்கிறார்களா?"

மீனலோசனி நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"என் தம்பி இருக்கான்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். அவர் கோபப்படவில்லை, ஏளனமும் செய்யவில்லை. இரக்கத்தோடுதான் பார்த்தார். "உங்க கவலை புரியுதும்மா" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவள் சொன்னது கணக்காக இல்லாமல் ஓர் அக்காவின் கவலையாகிவிட்டது. கவலைக்கு ஆறுதல் சொல்லலாம். அதை அறிக்கையில் சேர்க்கவேண்டியதில்லை.

விகிதம் கோடி கோடியில் ஒன்று என்று முடிவாயிற்று. புதிய சான்று எதுவும் எழுதவேண்டியிருக்கவில்லை, பழையதே பொருந்தியது. மீனலோசனி தணிகாசலத்தின் அறையில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"போடாம இருந்தா என்ன சார் ஆகும்?"

"சான்று தப்புன்னு ஆகும். தப்பா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா? சட்டம் நாள் கணக்கு கேக்கலையே. நாம நிச்சயத்தைத்தான் குடுக்கறோம்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள் இருந்தது, அதற்குள் கொடைவலை மூடப்பட்டால் அந்தப் பேச்சு அவரோடு வீட்டுக்கு வரும். செண்பகவடிவும் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. கணவனைப் பறிகொடுத்தவர் இன்னொருத்திக்கு அது நேரக்கூடாது என்று நினைத்தார். எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆட்சேபம் சொன்னவள் ஒருத்திதான், அவளிடம்தான் சொந்தக் காரணம் இருந்தது.

முதல் மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. ஒரு சேதியும் தொலையவில்லை. பத்திரிகைகள் பாராட்டின.

இரண்டாவது மாதம் குகனின் போனில் பச்சை எழுத்தில் வந்தது: உங்கள் ஒதுக்கீடு உறுதி. அவன் அதை அக்காவுக்கு அனுப்பிவைத்து, கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தான். மீனலோசனி அன்று சுவாமிமலைக்கு வேண்டிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

மூன்றாவது மாதமும் அதே பச்சை எழுத்துதான். நான்காவது மாதம் குகனின் வயிறு நீர்கோத்து வீங்கியது. ஒருநாள் அவளையே அடையாளம் தெரியாமல் "டீச்சர்" என்று கூப்பிட்டான். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வெளியே அழைத்துப்போய் வாரக்கணக்கில்தான் பேசினார். மாதக்கணக்கு அவர் வாயில் வரவில்லை. ஒதுக்கீடு இருக்கிறவரை வேறு எந்த வரிசையிலும் அவனைச் சேர்க்க முடியாது. ஒதுக்கீட்டைத் தானே ரத்து செய்துகொண்டால் கடைசி இடம், அதற்கு அவனிடம் நாள் இல்லை. போனில் இன்னும் உறுதி என்றுதான் இருந்தது.

அவன் வளையத்தில் மாட்டியிருக்கிறான் என்பது மீனலோசனிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் சேதி புறப்பட்டுப் போகிறது. ஒவ்வொரு தடவையும் பகடை உருளுகிறது. அது விழுமிடம் நாலு கோடி வருஷம் தள்ளி இருந்தது.

அவள் தணிகாசலத்திடம் போனாள். குழுவுக்கு எழுதினாள். உறவு இருப்பதால் அவள் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லக்கூடாது என்று மரியாதையான பதில் வந்தது.

இவையெல்லாம் இப்படி இருக்க, சில வளையங்கள் அவிழத்தான் செய்தன. கணக்குப்படி அவிழக்கூடாது. அங்கே இங்கே என்று மூன்று நான்கு அவிழ்ந்திருந்தன. சான்றாணையத்தில் இதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள். மீனலோசனியால் மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவை ஏன் அவிழ்ந்தன என்பது ஒரு மதிய நேரத்தில் தெரிந்தது.

அவள் தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"மேடம், நான் பிரிசில்லா. மதுரை ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர். உங்க தம்பி ஃபைலைப் பாக்குறவ."

"குகனுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். அப்படியேதான் இருக்காரு." அப்படியே இருக்க அவனுக்கு அதிக நாள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "நான் வேற ஒண்ணு கேக்கணும். திட்டாதீங்க."

"சொல்லுங்க."

"வளையம் எதுவும் தானா அவிழல மேடம். நாங்கதான் அவுக்குறோம். சேதி போற நேரம் பாத்து மெஷின்ல கேபிளைப் புடுங்கிருவோம். சேதி போயிரும்ல, அப்ப அவுந்துரும். கேபிள் லூஸ்னு பராமரிப்புல எழுதிக்குவோம். உங்க பகடைக் கணக்குல வராது."

மீனலோசனி கையிலிருந்த சாதத்தை டப்பாவிலேயே போட்டாள். "யாரோட சேதின்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"எல்லா ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டரும் போன்ல பேசிக்குவோம். மொத மொத ஒரு குடிகாரரை எடுத்தோம். அது ரொம்பக் கஷ்டமா இல்ல. அடுத்து புள்ள குட்டி இல்லாத ஒருத்தரை. அதுக்கப்புறம் யார் யாரோ போன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க மேடம். இந்தப் பேரைத் தொடாதீங்க, அந்தப் பேரைத் தொடாதீங்கன்னு. எப்படித்தான் தெரியுமோ. போன வாரம் எடுத்தவரை ஏன் எடுத்தோம்னா, அவருக்காகக் கேக்க ஒரு ஆளும் இல்ல. அது ஒண்ணுதான் காரணம். ராத்திரி தூக்கம் வரல மேடம்."

மைத்துனர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று மீனலோசனி புரிந்துகொண்டாள். இந்தத் தடவை அவர்கள் வரிசையில் முந்தவில்லை, பின்னால் தள்ளப்படாமல் இருக்கத்தான் வந்திருந்தார்கள். முந்த முடியாது என்றுதான் அவள் நிரூபித்திருந்தாள். அது இன்னமும் உண்மையாகவே இருந்தது.

"இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"இன்னைக்கு அவுக்க வேண்டியது அஞ்சு பேர் வளையம் ஒண்ணு. உங்க தம்பியும் அதுல இருக்காரு. அஞ்சு பேர்ல ஒருத்தரையும் எங்களால எடுக்க முடியல. அஞ்சு பேருக்குமே ஆள் இருக்கு, அஞ்சு பேருக்குமே நாள் இல்ல. அதான் நான் மத்தவங்ககிட்ட சொன்னேன், அந்த மேடத்துக்கிட்டயே கேப்போம்னு. விசாரணையில அவங்க ஒண்ணையும் மறைக்கலையே. நாங்கதான் தொலைச்சோம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்களே, தம்பி இருக்கான்னும் சொன்னாங்களேன்னு. எல்லாருக்கும் சம்மதம்."

"என்கிட்ட என்ன கேக்கறீங்க?"

"பேர் எதுவும் நான் சொல்ல மாட்டேன் மேடம். லிஸ்டு என் முன்னாடி இருக்கு. ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர். உங்க பகடையை உருட்டிச் சொல்லுங்க, போதும். யாரா இருந்தாலும் செஞ்சிருவோம். உங்க தம்பியா இருந்தாலும்."

மேசைமேல் கணினி திறந்தே இருந்தது. அந்தப் பகடை அவள் எழுதியது. அதற்கு ஒரு முகமும் தெரியாது, ஒரு பெயரும் தெரியாது. உருட்ட ஒரு விசையைத் தட்டினால் போதும். அவள் வலது கையில் சாதம் ஒட்டியிருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது.

"மூணு" என்றாள்.

"உருட்டிட்டீங்களா மேடம்?"

"உருட்டிட்டேன்."

மறுமுனையில் பிரிசில்லா நீளமாக மூச்சு விட்டாள். "தேங்க்ஸ் மேடம். இப்பத்தான் மனசு லேசாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மீனலோசனி டிபன் பாக்ஸை மூடினாள். கொடைவலையில் வளையப் பட்டியல் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் வந்து மாட்டியவர் ஒன்று, கடைசியாக வந்தவர் கடைசி. அந்த விதியை வைத்ததும் அவள்தான். பச்சை எழுத்து வந்த அன்றே குகனுக்கு முன்னால் நால்வர் என்ற எண்ணிக்கையை மட்டும் அவள் பார்த்திருந்தாள். ஐந்து பேர் வளையத்தில் அவன் ஐந்து. மூன்று என்று சொன்னபோது இதை நினைத்தாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள், அது உண்மையாகவும் இருக்கலாம். நினைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. உருட்டியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு அது ஐந்து என்று விழும். அந்த ஒரு பங்கைக் கொடுக்க அவளால் முடியவில்லை. அவளுக்குத் தம்பி உயிரோடு வேண்டும், அவ்வளவுதான். அறைக்கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வெளியே போகாதபடி அழுதாள்.

அன்று மாலை ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கேபிள் லூஸானது. வளையம் அவிழ்ந்தது. அந்த வாரக் கடைசியில் குகனுக்கு ஈரல் வந்தது. மற்ற மூன்று பேருக்கும் வந்திருக்கலாம். அந்த மாதம் முழுக்க மீனலோசனி வரிசைப் பட்டியலைத் திறக்கவில்லை. மூன்றாவதாக இருந்தது ஆணா, பெண்ணா, எந்த ஊர் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அரை நிமிடம்கூட ஆகாது.

ஆண்டறிக்கையில் தொலைந்த சேதிகள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று அச்சிட்டிருந்தார்கள். தணிகாசலம் அதைக் கொண்டாட எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல பெயரோடு ஓய்வுபெற்றார்.

தை மாதம் குகன் மறுபடியும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். ஆட அனுமதி இல்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைத் திட்டுவதற்கு மட்டும் அனுமதி. கண்கள் பால்போல வெளுத்திருந்தன. மீனலோசனி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நாலு கோடி வருஷம் ஆகும்னுதானே விசாரணையில சொன்ன. பேப்பர்ல எல்லாரும் கிண்டல் பண்ணானுங்க. அப்புறம் எப்படி என் வளையம் அவுந்துச்சு?"

"சராசரின்னுதான் சொன்னேன்."

"அப்ப அதுக்கு முன்னாடியும் அவிழலாமா?"

"அவிழலாம். நாளைக்கே அவிழலாம், இன்னைக்கே அவிழலாம். வாய்ப்பு கம்மி, ஆனா பூஜ்யம் இல்லை. அவிழவே அவிழாதுன்னு எந்தக் கணக்கும் சொல்லலை."

"யாரும் கை வைக்கலையே?"

"வைக்க முடியாதுடா" என்றாள் மீனலோசனி. "நிரூபிச்சிருக்கு."

குகன் தலையாட்டிவிட்டு, வலைக்கு அருகில் தப்பாக நின்ற ஒரு பெண்ணைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கணக்கு விஷயத்தில் அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.